பிச்சைக்கு உதவாத கை: வேலூர் தொழுநோய் மருத்துவம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1948க்குப் பிறகு கை அறுவை சிகிச்சை செய்துகொண்ட தொழுநோயாளிகளில் சிலர், வீட்டுக்கு அனுப்பிய கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்து நின்றார்கள். கையில் கோளாறு ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் மடங்கிக் கிடந்த விரல்கள் நிமிர்ந்திருந்தன; சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடிந்தது. அறுவை செய்த டாக்டர் பால் பிராண்டிடம் அவர்கள் கொண்டுவந்த புகார் வேறு. இந்தக் கையை நீட்டினால் யாரும் காசு போடுவதில்லை. முடங்கிய கையைப் பார்த்து இரங்கியவர்களுக்கு நல்ல கையைப் பார்த்தால் இரக்கம் வரவில்லை. சரி, உழைத்துப் பிழைக்கலாம் என்று போனால், நோயின் தடம் முகத்தில் தெரிந்தவருக்கு வேலை கொடுக்க ஆளில்லை, குடியிருக்க இடம் கொடுக்கவும் ஆளில்லை. கையைச் சரிசெய்த மருத்துவமனை பிழைப்பைக் கெடுத்துவிட்டது.

வேலூரின் தொழுநோய்ப் பணியைப் பற்றிச் சொல்பவர்கள் வழக்கமாக அறுவை சிகிச்சையின் அற்புதத்தில் தொடங்குவார்கள். என் பார்வையில் அந்தப் பணியின் முக்கியமான நாள் இந்தப் புகார் வந்த நாள்தான். ஒரு ஏழை நோயாளி, இலவசமாகச் சிகிச்சை தந்த வெள்ளைக்கார டாக்டரின் முகத்துக்கு நேரே, நீங்கள் செய்தது எனக்கு உதவவில்லை என்று சொல்ல முடிந்திருக்கிறது. டாக்டரும் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். இது எப்படி நடந்தது என்பதும், அதற்கும் கிறிஸ்தவர்கள் பேசும் நன்றியறிதலுக்கும் என்ன தொடர்பு என்பதும்தான் இந்த ஆய்வின் பொருள்.

யாருக்கு நன்றி, யாருக்கு ஊழியம்

தமிழ்த் திருச்சபைகளில் நன்றி சொல்வதற்குக் குறைவில்லை. பிறந்தநாளுக்கு, திருமண நாளுக்கு, பிள்ளை பரீட்சையில் தேறியதற்கு, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு என்று ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்கள் ஞாயிறுதோறும் வருகின்றன, பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் ஏலத்துக்கு வரும்; சந்தை விலையைவிடப் பல மடங்கு கேட்டு எடுப்பவர்கள் உண்டு. நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நன்றி பலிபீடத்தோடு நின்றுவிட்டால் அது பாதி வழிதான் போயிருக்கிறது. ‘கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்’ என்று 116ஆம் சங்கீதம் கேட்கிறது. மத்தேயு 25ஆம் அதிகாரம் அதற்கு முகவரி தருகிறது: பசித்தவன், தாகமுள்ளவன், வியாதியஸ்தன், காவலில் இருப்பவன். சிறியவர்களில் ஒருவனுக்குச் செய்தது தனக்கே செய்தது என்கிறார் இயேசு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நான் பட்ட கடன் கடவுளிடம். அதை நான் செலுத்துவது அயலானிடம். அப்படியானால் அந்த அயலான் என்னிடம் கடன்பட்டவன் அல்ல. அவனிடமிருந்து பதில் நன்றியை எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. எளிதாகத் தெரிகிற இந்தக் கணக்கில்தான் உதவி செய்பவர்கள் பெரும்பாலும் இடறுகிறார்கள். போர்வை கொடுத்தவர் போட்டோவுக்கு நிற்கச் சொல்வதும், அரிசி கொடுத்தவர் ஆராதனைக்கு வரவில்லையே என்று கேட்பதும் அங்கிருந்து வருபவைதான்.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள். ஒருவன் திரும்பி வந்து பாதத்தில் விழுகிறான், அவன் சமாரியன். ‘சுத்தமானவர்கள் பத்துப்பேர் அல்லவா, மற்ற ஒன்பதுபேர் எங்கே?’ என்ற கேள்வியை வைத்து நன்றிகெட்ட ஒன்பது பேரைப் பற்றி நாம் ஏராளமாகப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அந்த ஒன்பது பேருக்கும் நோய் திரும்பி வந்ததாக லூக்கா எழுதவில்லை என்பதைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை.

வேலூர் என்ற இடம்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் 1819இல் கப்பலேறி இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணப் பகுதியில் பணி செய்தார். பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்று அமெரிக்காவில் இருக்க நினைத்த பெண். நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். வீட்டில் இருந்த மருத்துவர் ஐடாவின் தகப்பனார். ஆண் மருத்துவரை உள்ளே விட மூவருமே சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பினார். புறப்படும் முன் வேலூரில் மருத்துவமனை கட்டப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. நியூயார்க்கில் ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர், மறைந்த தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் 40 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை திறந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, பின்னர் எம்.பி.பி.எஸ். கல்லூரி, 1947இல் ஆண் மாணவர்கள் என்று வளர்ந்தது மற்றவர்கள் விரிவாக எழுதிய வரலாறு. நமக்கு வேண்டியது கல்லூரியின் குறிக்கோள் வாசகம்: ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய. மாற்கு 10:45இலிருந்து எடுத்தது. வாசகம் சுவரில் இருப்பது ஒன்று. ஒரு நிறுவனம் அதற்கு என்ன விலை கொடுக்கத் தயாராக இருக்கிறது என்பது வேறொன்று. தொழுநோய் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டது.

கொல்லிமலைப் பையன்

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஜெஸி பிராண்டும் ஈவ்லினும் ஆங்கிலேய மிஷனரிகள். மலையில் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, பல் பிடுங்குவது, கட்டி அறுப்பது, தச்சுவேலை கற்றுக்கொடுப்பது எல்லாம் ஜெஸியின் வேலை. ஆனால் ஒருமுறை தொழுநோயாளிகள் மூவர் வந்தபோது, எதற்கும் அஞ்சாத அந்தத் தகப்பன் கையுறை மாட்டிக்கொண்டு புண்களுக்குக் கட்டுப்போட்டார். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. அந்தப் பயம் மகன் மனத்தில் தங்கிவிட்டது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்றைய அறிவு அவ்வளவுதான். அன்பு இருந்தது, காணிக்கை மனமும் இருந்தது. நோயைப் பற்றிய அறிவு இல்லை. அறிவில்லாத அன்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்தக் கையுறையே சாட்சி.

ஜெஸி 1929இல் மலைக் காய்ச்சலின் கொடிய வகை ஒன்றுக்குப் பலியானார். ஈவ்லினைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் நகர மனமில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் அந்த அம்மையார் மலையைவிட்டு இறங்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்த பிறகும், அறுவை மருத்துவரான மகன் கெஞ்சியும், கம்புகளை ஊன்றிக்கொண்டும் மட்டக் குதிரையில் உட்கார்ந்தும் ஊர் ஊராகப் போனார். 1974இல் 95 வயதில் காலமானார்.

மகன் இங்கிலாந்தில் கட்டட வேலை பயின்றார். அதன் பிறகே மருத்துவம் படித்தார். தச்சு உளியும் கொத்தனார் கரண்டியும் பிடித்த கை அது என்பதைப் பின்னால் வருவதற்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1946இல் வேலூர் வந்தார். மறு ஆண்டு, தொழுநோய் வல்லுநரான ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். தோலை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்தக் கைகளுக்கு என்ன ஆகிறது என்று எலும்பு மருத்துவரான நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்ற பொருளில் கேட்டார் காக்ரேன். அன்றுவரை எலும்பு மருத்துவர்கள் அதை அவ்வளவாகப் படித்திருக்கவில்லை.

அங்கே ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் பிராண்ட் தன் கையை வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போன கை என்று நினைத்திருந்தார். நகங்கள் சதையில் பதியும்படி வலித்தது. வலி தாங்காமல் முகத்தைச் சுளித்த டாக்டரை, அந்த மனிதர் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைக்கு உணர்ச்சி இல்லை; பலம் இருந்தது. அந்த நொடியில்தான் வேலூரின் கை அறுவை மருத்துவம் பிறந்தது.

மண்சுவர் அறை

முழங்கையின் உட்பக்கம் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்குமே, அந்த நரம்பைத்தான் தொழுநோய்க் கிருமி முக்கியமாகத் தாக்குகிறது. உடம்பில் தோலுக்கு அருகே, சற்றுக் குளிர்ந்த இடங்களில் ஓடும் நரம்புகள் அதற்கு வசதி. நரம்பு கெட்டால் உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகள் செயலற்றுப்போகும். விரல்கள் உள்நோக்கி மடங்கும். ஆனால் முன்கையின் மேல்பகுதியில் இருக்கும் பெரிய தசைகள் அப்படியே இருக்கும். செங்கல்பட்டில் பிராண்டின் கையை நெரித்தவை அவைதான். அப்படியென்றால், நல்ல தசை ஒன்றின் தசைநாரைப் பிரித்து, திருப்பி, செயலற்ற தசையின் வேலையைச் செய்யும்படி விரலின் பக்கவாட்டில் தைத்துவிடலாம். போலியோ நோயாளிகளுக்கும் காயம்பட்டவர்களுக்கும் செய்துவந்த முறைதான் இது. தொழுநோயாளியின் சதை வெட்டினால் ஆறாது என்ற நம்பிக்கைதான் தடையாக இருந்தது.

மருத்துவமனையில் அவர்களுக்குப் படுக்கை கிடைக்கவில்லை. தொழுநோயாளி வார்டில் இருந்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம், கிறிஸ்தவ மருத்துவமனையிலும் இருந்தது. மருத்துவமனை மதிலோரம் மண்சுவர் வைத்த ஒரு சிறிய இடத்தில் கை ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கியது. 1948இல் முதல் அறுவைகள் நடந்தன. காயம் ஆறியது, மற்ற எவருக்கும் ஆறுவதைப் போலவே.

அறுவையோடு வேலை முடிவதில்லை. சில வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்ததும் கையை மெழுகுக் குளியலில் இளக்கிப் பயிற்சி. ஒரு வேலைக்குப் பழகிய தசை இப்போது வேறு வேலை செய்ய வேண்டும். மூளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கண் இமை மூடாதவர்களுக்கு, மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமைக்குக் கொண்டுபோய் இணைத்தார்கள். பல்லைக் கடித்தால் கண் மூடும். ஆகவே கண்ணைக் காப்பாற்ற அடிக்கடி பல்லைக் கடித்துக்கொள்ளப் பழக வேண்டும். உதிர்ந்த புருவத்துக்குத் தலைமுடியோடு தோலை எடுத்து வைத்தார்கள். அப்படி வைத்த புருவம் தலைமுடியைப் போலவே வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டாமல் கண்வரை வளரவிட்டுப் பெருமையோடு திரிந்தவர்களும் உண்டு. புருவமில்லாத முகத்தை ஊரே ஒதுக்கிய வேதனை தெரிந்தவர்களுக்கு அந்தப் பெருமை புரியும்.

இந்தக் கட்டத்தில்தான் அந்தப் புகார் வந்தது.

புகாருக்குப் பிறகு

இங்கே வேறு விதமாகவும் நடந்திருக்கலாம். இவ்வளவு செய்தும் நன்றியில்லையே என்று ஒரு நிறுவனம் முகம் சுளிப்பது நமக்குத் தெரியாததா? தான் செய்த நன்மைக்குப் பாராட்டை எதிர்பார்த்திருப்பவர் காதில் புகார் விழாது. விழுந்தாலும் அவதூறாகத்தான் கேட்கும். அதைவிட மோசமானது, பெறுபவரும் அதைப் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்வார். கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். உதவி செய்தவர் தான் வென்றுவிட்டதாக நினைத்திருப்பார்.

பிராண்ட் புகாரை நோயின் இன்னொரு அறிகுறியாக எடுத்துக்கொண்டார். கை மட்டும் போதாது, கைக்கு ஒரு தொழில் வேண்டும். ஓய்வுபெற்ற வயதான மிஷனரி அம்மையார் ஒருவர் தன் சேமிப்பைக் கொடுத்தார். 1951இல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில், கிராமத்துக் குடிசைகளைப் போலவே சில வீடுகள் எழும்பின. நவஜீவ நிலையம் என்று பெயர். மருத்துவமனை வார்டு போல் இல்லாமல் ஊர்போல் இருக்க வேண்டும் என்பது யோசித்துச் செய்த முடிவு. இங்கிருந்து அவர்கள் போகப்போவது ஊருக்குத்தானே. பிராண்டின் பழைய தச்சு அனுபவம் அங்கே கைகொடுத்தது. அறுவை முடிந்த இளைஞர்கள் மரத்தில் பொம்மைகள் செய்து விற்கக் கற்றார்கள்.

அங்கே இன்னொரு பிரச்சினை முளைத்தது. தச்சு வேலை செய்யும் கைகளில் புதிய புண்கள். விரல்கள் குட்டையாகிக்கொண்டும் இருந்தன. நோய்க் கிருமி சல்போன் மருந்துக்கு அடங்கிய பிறகும் விரல் போவது ஏன்? ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று எல்லாருமாக உட்கார்ந்தார்கள். சுத்தியலின் கைப்பிடியில் ஒரு பிளவு; வலி தெரியாததால் நாள் முழுவதும் அதை அழுத்திப் பிடித்திருக்கிறார். அரிக்கேன் விளக்கின் சூடான கண்ணாடியை வெறுங்கையால் தொட்டிருக்கிறார் இன்னொருவர். துருப்பிடித்த பூட்டைத் திறக்க பிராண்டே திணறியபோது, சிறு பையன் ஒருவன் சாவியை வாங்கித் திருப்பித் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியச் சதை கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. வலி இருந்திருந்தால் பாதியில் விட்டிருப்பான்.

கணக்கில் வராதவை இரவில் காணாமல்போன விரல் துண்டுகள். காலையில் எழுந்தால் விரலில் புதிதாக ஒரு குறை. காரணம் எவருக்கும் தெரியவில்லை. இரவு விழித்திருந்து பார்த்தார்கள். எலி வந்து தூங்குபவரின் விரலைக் கடித்துத் தின்றது. அவருக்கு உணர்வே இல்லை, புரண்டுகூடப் படுக்கவில்லை. அதன் பிறகு நிலையத்தைவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் கையோடு ஒரு பூனையைக் கொண்டுபோக வேண்டும் என்பது விதியாயிற்று.

மருத்துவ வரலாற்றில் பூனையை மருந்துச் சீட்டில் எழுதிய இடம் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை, ஆனால் இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் கண்டுபிடிப்பு அதுதான். அறுவை மேசையில் நின்று யோசிப்பவருக்குப் பூனை தோன்றாது. அந்த மனிதர் எங்கே தூங்குகிறார், பாயில் தூங்குகிறாரா, கூரையில் எலி இருக்கிறதா என்று இரவெல்லாம் உட்கார்ந்து பார்ப்பவருக்கே தோன்றும். தொழுநோயால் சதை தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் வரும் காயங்களும் அவற்றில் சேரும் சீழுமே விரலைத் தின்கின்றன என்ற மருத்துவ உண்மை இப்படித்தான் நிலைபெற்றது.

கைக்குப் பிறகு கால். மரத்த பாதத்தில் புண் வந்தால் மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரவலாக்குவது, ஆறிய பிறகு மெத்தென்ற நுண்துளை ரப்பர் பதித்த செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் அரசு மருத்துவமனைகளில் சொல்கிறார்கள். ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் செய்வார்கள், ஏனென்றால் ஆணி மேலே கிளம்பினால் மரத்த பாதம் சொல்லாது. 1955இல் வேலூருக்கு வெளியே கரிகிரியில் ஷெஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியதும் இந்தப் பணிகள் அங்கே விரிந்தன. வேறு எவரும் கேட்காத பொட்டல் நிலம் அது. பின்னாளில் அங்கே பணிசெய்த அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிட்சி மரங்களாக நட்டு அதைச் சோலையாக்கினார். வேலூரில் தொடங்கிய பாதப் பராமரிப்பு முறை இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்படுகிறது. நம் வீடுகளில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ, ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்கிறாரே, அது தொழுநோயாளிகள் முன்பே பழகிக்கொண்ட பாடம்.

மேரி வர்கீஸ்

1954 ஜனவரி 30. வேலூரின் இளம் மருத்துவர்கள் சிலர் வேனில் உல்லாசப் பயணம் போனார்கள். வழியில் வண்டி விபத்துக்குள்ளானது. கேரளத்தின் செராயியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸுக்கு முகத்தில் பலத்த காயம். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. வயது 28. மகப்பேறு மருத்துவம் அவர் விரும்பிய துறை. அதற்கு நின்று வேலை செய்ய வேண்டும்.

கை அறுவையில் மருத்துவர் உட்கார்ந்துதான் வேலை செய்வார். இந்தச் சாதாரண விஷயத்தைப் பிடித்துக்கொண்டார் பிராண்ட். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்யலாமே என்று கேட்டார். மேரி கற்றுக்கொண்டார், செய்தார். அறுவைக்கு வந்தவர்கள் தங்களைவிட மோசமாக முடங்கிய ஒருவர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து தங்கள் கையைப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டார்கள். அதற்குமேல் ஊக்கப் பேச்சு தேவைப்படவில்லை.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மறுவாழ்வுப் பயிற்சி, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மேற்படிப்பு. திரும்பி வந்து வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைவரானார். 1966இல் வேலூரின் பாகாயம் பகுதியில் மறுவாழ்வு நிறுவனம் திறந்தது. மரத்திலிருந்து விழுந்தும் சாலை விபத்திலும் முதுகுத்தண்டு முறிந்தவர்களை வீட்டு மூலையில் கிடத்திப் படுக்கைப் புண்ணோடு சாகவிட்டிருந்த காலத்தில், அவர்கள் உட்காரவும், நாற்காலிக்கு மாறவும், சமைக்கவும், கடை வைக்கவும் அங்கே கற்றார்கள். 1972இல் மேரிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986இல் மறைந்தார்.

நன்றியறிதலைப் பற்றிய ஆய்வில் மேரி ஏன் முக்கியம் என்றால், பெறுபவர், தருபவர் என்று நாம் போடும் கோடு அவரிடம் அழிந்துவிடுகிறது. விபத்துக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார் என்று மேடையில் சொல்பவர்களை எனக்கு ஒப்பவில்லை. முதல் மாதங்களின் கசப்பையும் அழுகையையும் அது விழுங்கிவிடுகிறது. மீந்திருந்த இரண்டு கைகளுக்காக நன்றி சொன்னார் என்றால் ஏற்கலாம். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய்ச் செலுத்தினார் என்பது வேலூரில் கட்டடமாகவே நிற்கிறது.

ஒப்பாத சில

எல்லாம் நல்லபடி இருந்தது என்று எழுதினால் ஆய்வு ஆகாது. மிஷன் மருத்துவத்தின் பின்னால் மதமாற்ற நோக்கம் இருந்தது என்ற விமர்சனத்தை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட முடியாது. மிஷனரிகள் சுவிசேஷம் சொல்லவே வந்தார்கள். அதை அவர்கள் மறைத்ததும் இல்லை. கேட்க வேண்டியது, சிகிச்சைக்கு அது நிபந்தனையாக இருந்ததா என்பதே. வேலூரில் எல்லா மதத்தவரும் சிகிச்சை பெற்றார்கள்; பெரும்பாலோர் தங்கள் மதத்திலேயே வீடு திரும்பினார்கள். ஆனால் பராமரிப்பில் வாழும் ஏழைக்கு, கொடுப்பவரின் நம்பிக்கையை மறுக்கும் துணிவு எவ்வளவு இருக்கும் என்ற கேள்வி எந்த அறநிலையத்துக்கும் உண்டு. அது மதம் சாராத நிறுவனங்களையும் விடாது.

இரண்டாவது, தியாகத்தைச் சம்பளக் குறைப்புக்குச் சாக்காக்குவது. ஊழியம் என்ற சொல்லின் கீழ் நர்ஸுகளையும் கடைநிலைப் பணியாளர்களையும் குறைந்த கூலிக்கு வாட்டும் கிறிஸ்தவ நிறுவனங்களை நாம் பார்த்திருக்கிறோம். நன்றி செலுத்துவது அவரவர் விருப்பம். மேலதிகாரி இன்னொருவரின் நன்றியை எடுத்துச் செலவு செய்ய முடியாது.

மூன்றாவது திருச்சபைகளுக்கே உரியது. தொழுநோயாளிக்குக் கட்டுப்போட்ட அதே கிறிஸ்தவ சமூகத்துக்கான விவாகரத்துச் சட்டத்தில், துணைக்குத் தொழுநோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு 2019 வரை இருந்தது. 2001இல் திருத்தியபோதுகூட அது உள்ளே வந்தது. மருந்து சாப்பிட்டால் குணமாகும் நோய் என்று உலகமே அறிந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகு! இந்து, முஸ்லிம், சிறப்புத் திருமணச் சட்டங்களிலும் அதே கதைதான். எல்லாவற்றையும் ஒரே சட்டத்தால் நாடாளுமன்றம் நீக்கியது. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் ஒழிந்தது.

இப்போது

பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற தேசிய இலக்கை 2005 இறுதியில் இந்தியா எட்டியது. அதோடு தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். நன்கொடைகளும் வேறு பக்கம் திரும்பின. ஆனால் இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவில். கூட்டு மருந்து சிகிச்சை 6 மாதமோ 12 மாதமோ. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மாத்திரை முடிந்ததும் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும். ஏற்கெனவே செத்த நரம்பு திரும்பி வருவதில்லை.

ஆகவே ஊருக்குள் மிச்சமிருப்பவர்கள், நோய் குணமாகி, கை கால் மரத்துப்போன முதியவர்கள். அவர்களில் பலர் பழைய தொழுநோய்க் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே கேக்கும் போர்வையும் குவியும். சபையின் வாலிபர் குழு ஒரு பாட்டுப் பாடி ஜெபித்துவிட்டு வேனில் ஏறும். போர்வை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அடுத்த வேனிலும் போர்வைதான் வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் போய், வேறு என்ன குறை என்று கேட்டால் வரும் பட்டியல் வேறு: செருப்பு தேய்ந்துவிட்டது, புதியது வர மாதங்கள் ஆகிறது, புண்ணுக்குத் தினம் கட்டு மாற்றக் கை எட்டவில்லை, உதவித்தொகைக்குக் கைரேகை வைக்கச் சொன்னால் மிஷின் எடுப்பதில்லை, ரேகையே இல்லை, கண் மூடாததால் தூசி விழுந்து சிவந்திருக்கிறது, கண் டாக்டரிடம் கூட்டிப்போக ஆள் வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் எந்தச் சபையிலும் இருப்பார். வாரம் ஒருநாள் பாதங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைத் தேய்த்து, எண்ணெய் தடவி, புது வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க அவரால் முடியும். கைரேகை பதியாதவர்களுக்கு மாற்று வழி கேட்டு வங்கி மேலாளரிடம் வாதாட, மனு எழுதத் தெரிந்த ஒரு வாத்தியார் போதும். செருப்புக்கு, பாதத்தின் அளவைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழுநோய் அலுவலகத்துக்கு யாராவது பஸ் ஏறிப் போக வேண்டும்.